ஷெல்டர்ல இருந்து நாய் எடுக்கப் போறீங்களா? கேட்டைத் தாண்டறதுக்குள்ள இதைப் படிச்சிடுங்க

சென்னையில நாய் தத்தெடுக்கணும்னா எங்க போறதுன்னு தெரியாதவங்க கம்மி, 1959ல ஆரம்பிச்ச ப்ளூ கிராஸே வேளச்சேரி மெயின் ரோட்டுல இருக்கு, சின்ன ஷெல்டர்களும் நிறைய. அதனால நேரா விஷயத்துக்கு வரேன்.

1. வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனர்கிட்ட முதல்லயே பேசிடுங்க. எடுத்துட்டு வந்து ஒரே மாசத்துல திருப்பி விடறது பாவம்.

2. ஒரே தடவை பாத்துட்டு தூக்கிட்டு வராதீங்க, ரெண்டு மூணு தடவை போங்க. குட்டிதான் வேணும்னு எல்லாரும் நிக்கறாங்க, என் ஓட்டு ரெண்டு வயசு நாட்டு நாய்க்குத்தான். செருப்பு மிஞ்சும். காதுல சின்னதா வி மாதிரி வெட்டு இருந்தா கருத்தடை ஏற்கனவே முடிஞ்சிருக்கும், பயந்துடாதீங்க.

3. தடுப்பூசி கார்டை கையில வாங்கிட்டுத்தான் கிளம்பணும். ரேபிஸ் ஊசி தேதி அதுல இல்லைன்னா கார்ப்பரேஷன் லைசென்ஸ் எடுக்கும்போது மாட்டிப்பீங்க.

4. வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது. நான் சொதப்பினது இங்கதான்.

எங்க முறுக்கை (வால் அப்படி) சாதாரண காலர்ல கட்டி ஆட்டோல கூட்டிட்டு வந்தேன். கேட் வாசல்ல பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடிச்சுது பாருங்க, அது நாலு காலையும் ஊனி பின்னாடியே ரிவர்ஸ் எடுத்து தலையை உருவிக்கிட்டு ஓடிடுச்சு, என் கையில வெறும் காலர் மட்டும் தொங்குது. நான் துரத்த துரத்த அது இன்னும் ஓடுச்சு. கடைசியில தெருமுனையில நின்ன வேனுக்கு அடியில போய் படுத்துக்குச்சு. எதிர்வீட்டு அக்கா வறுத்த நெத்திலி கருவாடு கொண்டாந்து குடுத்தாங்க, நான் அது மூஞ்சிய பாக்காம தரையில உக்காந்து ஒவ்வொண்ணா போட்டு, மூணு மணி நேரம் ஆச்சு வெளிய வர.

அதனால நெஞ்சோட சேத்து மாட்டற ஹார்னஸ் ஒண்ணு, காலர் ஒண்ணு, ரெண்டுலயும் தனித்தனி கயிறு. இழுத்தா நீண்டுக்கிட்டே போற கயிறு வாங்கவே வாங்காதீங்க, காசுக்குப் பிடிச்ச கேடு. கேட்டை மூடிட்டு அப்புறம் கழட்டுங்க.

5. முதல் மூணு நாள் குளிப்பாட்டாதீங்க, சொந்தக்காரங்களைக் கூப்பிட்டு காட்டாதீங்க. ஒரு மூலையில பழைய போர்வை, தண்ணி, அவ்ளோதான். முறுக்கு ரெண்டு நாள் கட்டிலுக்கு அடியிலயே கிடந்துச்சு, மூணாவது நாள் ராத்திரி தானா வந்து என் பாதத்தை மோந்து பாத்துட்டு திரும்ப உள்ள போயிடுச்சு. அதுக்கே எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, சரி விடுங்க.

சாப்பாடுக்கு ஷெல்டர்ல என்ன போட்டாங்களோ அதையே ஒரு வாரம் போடுங்க, மெதுவா மாத்துங்க. வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு வேண்டாம்.

அப்டேட்: "ஒரு நாளா சாப்பிடல"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வளந்த நாய் தண்ணி குடிச்சுக்கிட்டு தெம்பா இருந்தா முதல் நாள் பொறுக்கலாம். குட்டி சாப்பிடாம வாந்தி, ரத்தமா லூஸ் மோஷன் போனா பார்வோங்கிற வைரஸ் நோயா இருக்கலாம், அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடுங்க. முன்னாடி பார்வோல ஒரு குட்டி போன வீடுன்னா அந்த கிருமி மாசக்கணக்கா தரையில இருக்கும், பினாயிலை நம்பாதீங்க, ப்ளீச்சிங் போட்டு கழுவணும். அப்பவும் ஊசி எல்லாம் முடிஞ்ச பெரிய நாயா பாத்து எடுங்க.