பிள்ளைக்கு எடை கூடுதலா? டேப்பும் ஒரு நூலும் போதும்

மகனின் பள்ளி ஹெல்த் கார்டில் "உயரம் 127 செ.மீ., எடை 30.5 கிலோ, பிஎம்ஐ 18.9, நார்மல்" என்று எழுதியிருந்தது. அவனுக்கு 8 வயது. பிஎம்ஐ என்பது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண். பெரியவர்களின் கூடுதல் எடை வரம்பான 25-ஐ வைத்துப் பார்த்திருக்கிறார்கள் போல. உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி 8 வயதுப் பையனுக்கு 17.4-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 19.7-ஐத் தாண்டினால் உடல் பருமன். அதன் பிறகு வீட்டிலேயே அளந்துவிடுகிறேன்.

1. உயரம். செருப்பில்லாமல், குதிகால், பிட்டம், முதுகு சுவரில் பட நிற்க வேண்டும். கொண்டை, ஹேர்பேண்ட் இருந்தால் கழற்றுங்கள். தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள்.

2. எடை. டிஜிட்டல் மெஷின், டைல்ஸ் தரை. பாய்மேல் வைத்தால் எண் தப்பாகக் காட்டும்.

3. இடுப்புச் சுற்றளவு. தகராறே இங்கேதான். டேப்பை எங்கே சுற்றுவது? டவுசர் நிற்கும் இடத்திலா, தொப்புளிலா? இரண்டுமில்லை. பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். பிறகு இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தேடுங்கள். இரண்டுக்கும் சரிபாதியில் பேனாவால் புள்ளி வையுங்கள். பையன் கூச்சத்தில் நெளிவான், சிரித்து முடிக்கட்டும். அரைஞாண் கயிறு கீழே இறங்கித் தொங்கும், அதை அடையாளமாக வைக்காதீர்கள். பாவாடை நாடாத் தழும்பும் அப்படித்தான்.

சட்டையைத் தூக்கி, வெறும் உடம்பில் டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் கீழே சரிந்திருக்கும், எட்டிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. டேப்பைக் கண்டதும் பிள்ளைகள் வயிற்றை எக்குவார்கள். "மூச்சை விடு" என்று சொல்லி, சாதாரணமாக விட்டு முடிக்கும்போது படியுங்கள். இரண்டு தடவை அளந்து, 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவையும் அளந்துவிடுங்கள்.

டேப் விஷயத்தில் நான் கறார். தையல் பொருள் கடையில் புதிதாக ஃபைபர் டேப் வாங்குங்கள். வீட்டிலிருக்கும் பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும்.

4. பாதிக் கணக்கு. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 127 செ.மீ. உயரத்துக்கு 63.5. கணக்கே வேண்டாமென்றால், பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்து, புள்ளி வைத்த இடத்தில் சுற்றுங்கள். முனைகள் தொடவில்லையென்றால் வயிற்றில் கொழுப்பு கூடியிருக்க வாய்ப்பு உண்டு. எனக்கு எந்த ஆப்பையும்விட இந்த நூல்தான் பிடிக்கும்.

5. பிஎம்ஐ. எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு தடவை வகுங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமான ஐஏபி 2015-இல் வெளியிட்ட வரைபடம், 5 முதல் 18 வயது வரை, பையனுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக உண்டு. பெரியவர்களின் பிஎம்ஐ 23-க்கும் (கூடுதல் எடை) 27-க்கும் (உடல் பருமன்) இணையான கோடுகள் அதில் இருக்கும். நம்மவர்களுக்கு ஒல்லியாகத் தெரிந்தாலும் உடம்பில் கொழுப்பு அதிகம், அதனால்தான் 25, 30 இல்லை. பிஎம்ஐ சரியாக இருந்தாலும் நூல் தேர்வை விடாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். எண்ணைப் பாட்டி, சித்தப்பா முன்னால் உரக்கப் படிக்காதீர்கள். கோட்டைத் தாண்டினால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். நீங்களாகச் சோற்றைக் குறைக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 1: 3 வயதுப் பாப்பாவுக்கு நூல் தொடவில்லை என்று ஒருவர் பயந்து எழுதியிருந்தார். அந்த வயதில் வயிறு முன்தள்ளி இருப்பது இயல்பு. 5 வயதுக்குள் பாதிக் கணக்கு செல்லாது, உயரத்துக்கேற்ற எடை அட்டவணைதான்.

பின்சேர்க்கை 2: பின்கழுத்துக் கறுப்பைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். தோல் தடித்து, வெல்வெட் மாதிரி கறுத்திருந்தால் அது அழுக்கு இல்லை. எடை கூடிய பிள்ளைகளுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது அப்படி வரும். பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று அவர் சொல்வார்.