மேற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேட் போதாது

மதுரைப் பக்கம் வீடு கட்டிக்கொடுக்கும் மேஸ்திரி நான். இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு நான்கு பக்கமும் ஒரே அளவில்தான் சன்ஷேட் போடுகிறார்கள்: இரண்டடி. வெயிலோ நான்கு பக்கமும் ஒரே மாதிரி விழுவதில்லை. "சன்ஷேட்தான் இருக்கே மேஸ்திரி, அப்புறம் ஏன் சாயங்காலம் ரூமுக்குள்ள உட்கார முடியல?" என்று கேட்பவர்கள் வீட்டில் அந்த அறையின் ஜன்னல் அநேகமாக மேற்கே பார்த்திருக்கும்.

நான்கு அடி உயர ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் பிற்பகல் மூன்றேகால் மணி வாக்கில் சூரியன் ஏறக்குறைய 45 டிகிரி உயரத்தில் நிற்கும். இரண்டடி சன்ஷேட் அப்போது இரண்டடி நிழல் தரும். பாதி ஜன்னல் தப்பிக்கும். ஐந்து மணிக்கு சூரியன் 20 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதே சன்ஷேட்டின் நிழல் அப்போது முக்கால் அடிதான். நீட்டிக்கொண்டே போனாலும் பயனில்லை, கம்பியும் சிமென்ட்டும்தான் வீண்.

செலவு செய்வதற்கு முன் ஒரு சாக்பீஸ் எடுங்கள். மூன்று, நான்கு, ஐந்து மணிக்கு ஒவ்வொரு ஜன்னலிலும் நிழல் எதுவரை வருகிறது என்று சுவரில் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். பங்குனியில் ஒரு நாள், ஆனியில் ஒரு நாள் பார்த்தால் எந்தப் பக்கம் எது தேவை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மேற்குக்கு வேண்டியது தலைக்கு மேல் நீட்டும் பலகை இல்லை, முன்னால் நிற்கும் மறைப்பு. அதுவும் கண்ணாடிக்கு வெளியே. உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்து திரையைச் சுடவைத்துவிடும். அந்தச் சூடு அறைக்குள்தான் நிற்கும். மூங்கில் தட்டியை வெளிப்பக்கம் சுருட்டி இறக்குகிற மாதிரி கட்டுங்கள். வாடகை வீடு என்றால் நர்சரியில் போடுகிற பச்சை வலை போதும், 75 சதவீத நிழல் தருவதாகக் கேட்டு வாங்குங்கள். தட்டியோ வலையோ, சுவரை ஒட்டிக் கட்டாமல் அரை அடியாவது இடைவெளி விடுங்கள். காற்று ஏறி இறங்க வழி இருந்தால் மறைப்பில் ஏறிய சூடு சுவருக்கு வராது. புதிதாகக் கட்டுகிறவர்கள் செங்கல் ஜாலிச் சுவர் (இடையிடையே துளை விட்டு அடுக்கும் சுவர்) கேட்டால் நான் மிகுந்த சந்தோஷத்தோடு கட்டுவேன். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள்: வெயில் துண்டு துண்டாக உடைந்து, காற்று மட்டும் முழுதாக உள்ளே வரும்.

மரம் வைக்க இடமிருந்தால் மேற்கில் பத்துப் பதினைந்து அடி தள்ளிப் புங்கை அல்லது வேம்பு. இரண்டும் வெயில் உச்சத்துக்குப் போகும் முன்பே பழைய இலையைக் கொட்டிப் புது இலை விட்டுவிடும். முருங்கை வேண்டாம்; நிழலும் மெலிது, கிளையும் சட்டென்று முறியும்.

தெற்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நாள் முழுக்க வடக்குப் பக்கமாகவே போகிறது. தெற்குச் சுவரில் நேர் வெயில் படாது. மார்கழியில் தெற்கே சாய்ந்து வரும் வெயிலில் நடுப்பகலுக்கு இரண்டடி சன்ஷேட் மூன்றடி நிழல் தரும். அது போதும்.

வடக்கைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆனி மாதத்துச் சாயங்கால வெயில் வடமேற்கிலிருந்து பக்கவாட்டில் நுழையும். ஜன்னலின் மேற்கு ஓரத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு நெடுக்குப் பலகை நிறுத்தினால் மூன்றடிக்கு மேல் அகலம் மறைந்துவிடும். கிழக்குக்கு ஒரு தட்டி போதும். இரவெல்லாம் ஆறிய சுவர் காலை வெயிலைத் தாங்கிக்கொள்ளும்.

கடைசியாக மொட்டை மாடி. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு நேராக வருவதால் சுவர்களைவிடக் கூரைதான் அதிகம் வாங்குகிறது. மாடி அறையில் படுப்பவர்கள் ஜன்னலைக் கவனிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஏழடி உயரத்தில் குழாய் நட்டு மேலே வலையோ கீற்றோ பரப்பினால் தளத்தில் வெயில் படாது, கீழே துணியும் காயப்போடலாம். பந்தலை உயர்த்தாமல் கீற்றைத் தளத்தின் மேலேயே பரப்பாதீர்கள்; மழையில் நனைந்து அழுகும், தண்ணீர் இறங்கும் குழாயையும் அடைக்கும். பாகல், புடலை, அவரை ஏற்றிவிடுவது இன்னும் நல்லது, தொட்டி வைப்பதற்கு முன் மட்டும் தளம் எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலையின் ஓரங்களை அவிழ்க்கிற முடிச்சாகப் போடுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள்; காற்று பிடித்தால் வலை குழாயையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். கீற்றாக இருந்தால் தீபாவளிக்கு முன்பே இறக்கிவிடுங்கள், பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு ராக்கெட் வந்து விழுந்தாலே பற்றிக்கொள்ளும்.