பிளைவுட் கூரைக்குள் தண்ணீர் இறங்காமல் தடுத்தது

கோழிக்கூண்டுக்கு நானே அடித்த பிளைவுட் கூரை, ஒரே மழைக்காலத்தில் ஓரமெல்லாம் உப்பி அடுக்கு பிரியத் தொடங்கியது. பலகையின் முகம் நன்றாகவே இருந்தது. தண்ணீரைக் குடித்தது அறுத்த ஓரங்கள்தான். அங்கே மரநார்களின் வாய் திறந்தே கிடக்கும்.

பலகையைக் கழற்றி நன்றாகக் காயவிட்டேன். இதில் அவசரப்பட்டால், மேலே எதைப் பூசினாலும் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு பலகை அழுகும். பிரிந்த அடுக்குகளுக்குள் தண்ணீர் தாங்கும் மரப்பசையை விட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். அப்புறம் உப்புத்தாள் தேய்த்து, தின்னர் கலந்த ஆயில் பிரைமரை ஓரங்களுக்கு மட்டும், இனி உறிஞ்சாது என்கிற வரை திரும்பத் திரும்பக் கொடுத்தேன். முழுப் பலகைக்கும் வெளிப்புற எனாமல் பெயிண்ட்.

செலவைக் குறைத்தது மேல்விரிப்புதான். தார் ஷீட்டுக்குப் பதில் பழைய ஃபிளெக்ஸ் பேனரை ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக விரித்து, ஓரங்களை மடித்து அடிப்பக்கத்தில் ஸ்டேபிள் அடித்தேன். கூரையைச் சட்டத்தோடு பிணைக்கும் ஸ்க்ரூக்களும் கீழிருந்தே ஏறுகின்றன; மேலே ஓர் ஆணித்துளைகூடக் கிடையாது. பேனர் வெயிலில் நாளடைவில் நொறுங்கும், மாற்றித்தான் ஆக வேண்டும். ஓசியில் கிடைத்ததற்கு அது பரவாயில்லை.

விரிசல் கண்ட இடமெல்லாம் சிலிக்கானைப் பிதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது. அதைவிட, பின்கால்களைக் கொஞ்சம் அறுத்து மீட்டருக்கு 10 செ.மீ. சரிவு கொடுத்தது நன்றாக வேலை செய்கிறது; தண்ணீர் இப்போது தேங்குவதில்லை.