சிவாலய ஓட்டம்: முதல்முறை ஓடுபவர்களுக்கு

மாசி மாத மகா சிவராத்திரியை ஒட்டி, குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள 12 சிவன் கோயில்களையும் ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தில் முதன்முதலாக நான் கலந்துகொண்டபோது, ஆறாவது கோயிலான பன்னிப்பாகத்தை எட்டுவதற்குள் காலை அகட்டி வைத்துத்தான் நடக்க முடிந்தது. அடுத்த முறை கடைசிக் கோயிலான திருநட்டாலம் வரை முழுவதும் ஓடி முடித்தேன். இடையில் மாற்றிக்கொண்டவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். விரதமும் மாலை அணிதலும் அவரவர் வீட்டு வழக்கப்படியே இருக்கட்டும்.

முதலில் விசிறி. கோவிந்தன்மார் (ஓடும் பக்தர்களை அப்படித்தான் அழைப்பார்கள்) கையில் இருக்கும் பனையோலை விசிறி, ஒவ்வொரு சன்னிதியிலும் இறைவனுக்கு வீசுவதற்கானது. அதன் காம்பில் இரண்டு சிறு துணிப்பைகளைக் கட்டி, ஒன்றில் திருநீறும் மற்றொன்றில் காணிக்கைக் காசும் வைத்துக்கொள்ள வேண்டும். திற்பரப்பில் குளிப்பதற்காக என் விசிறியைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, ஒன்றுபோலவே இருந்த இருபது விசிறிகளில் என்னுடையது எதுவென்று இருட்டில் தெரியவில்லை. காம்பில் சிவப்பு நூல் சுற்றிவிடுங்கள்.

இரண்டாவது, புறப்பாடு. சிவராத்திரிக்கு முந்தைய நாள் மாலையில் முன்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று ஓட்டம் செல்லும். மொத்தத் தொலைவு நூறு கிலோமீட்டருக்கும் மேல் என்பதால், திருமலையில் கூட்டத்தின் உற்சாகத்தில் பாய்ந்து ஓடாதீர்கள்.

மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது. ஒவ்வொரு கோயிலிலும் குளித்து ஈர உடையுடனேயே தரிசிப்பது முறை. அந்த ஈரத்துடன் மீண்டும் ஓடும்போது வேட்டி தொடையில் உரசி, தோல் வழன்றுவிடுகிறது. எட்டு முழ வேட்டி நனைந்தால் பாரம். நான்கு முழ மெல்லிய பருத்தி வேட்டியே போதும் என்பது என் உறுதியான கருத்து. புறப்படும் முன் தொடையிடுக்கில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, ஒவ்வொரு தரிசனத்துக்குப் பிறகும் வேட்டியை நன்றாகப் பிழிந்து, உள்மடிப்பு சுருளாதபடி தார்பாய்ச்சிக் கட்டுங்கள். இரண்டு நிமிடம் செலவாகும். அதைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் ஏன் "கோவிந்தா, கோபாலா" என்று கூவுகிறார்கள் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. திருமாலின் பெயரைக் கேட்கவே பொறாத சிவபக்தனான, பாதி மனிதனும் பாதி விலங்குமான புருஷாமிருகத்தின் முன் அப்பெயரைச் சொல்லிவிட்டு ஓடிய பீமன், அது நெருங்கி வரும்போதெல்லாம் கண்ணன் கொடுத்த 12 உருத்திராட்சங்களில் ஒன்றைக் கீழே போட, அது சிவலிங்கமாக மாற, புருஷாமிருகம் நின்று பூசித்ததாம். கடைசி உருத்திராட்சம் விழுந்த திருநட்டாலத்தில் அரியும் அரனும் ஒன்றே என்று இருவரும் சங்கரநாராயணராகக் காட்சி தந்தார்கள் என்பது கதை. ஆகவே அந்தக் கூவல் வெறும் உற்சாகக் குரலன்று; நாம் பீமனாக ஓடுகிறோம்.

நான்காவது, வெயில். பத்மநாபபுரத்திலுள்ள கல்குளம் நீலகண்டசுவாமி கோயிலுக்குப் பிறகு மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என மாசி வெயிலில் தார்ச்சாலை வெறுங்காலைச் சுடும். சாலையோர மண்ணில் ஓடுங்கள். வழியெங்கும் ஊர்க்காரர்கள் தரும் மோரையும் பானகத்தையும் ஒரே நேரத்தில் அரைக் குவளைக்கு மேல் குடிக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: எண்ணெய் தடவியும் புண் வந்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால், அனைவரும் திருமலையில் தடவியதோடு விட்டிருக்கிறார்கள். குளித்தால் எண்ணெய் போய்விடும். சிறு புட்டியில் கொண்டுபோய், இரண்டு கோயிலுக்கு ஒருமுறையாவது மறுபடி தடவ வேண்டும்.