இடுப்பெலும்பு உடைந்தவரை உட்கார வைக்காதீர்கள்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி உரசி ஒருவர் பைக்கோடு விழுந்தால், அடுத்த நிமிடமே பத்துப் பேர் ஓடி வருவார்கள். வடசென்னையில் அதற்குக் குறையே இல்லை. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி பிளாட்பாரத்தில் உட்கார வைப்பார்கள். ஒருவர் சோடா வாங்கி வருவார், இன்னொருவர் ஷேர் ஆட்டோவை மறிப்பார். எல்லாம் நல்ல மனசுதான். ஆனால் விழுந்தவருக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தால் எல்லாமே தவறு.

இடுப்பெலும்பு ஒரு வளையம். முதுகெலும்புக்கு அடியில் உள்ள எலும்பும் இரண்டு பக்கத்து எலும்புகளும் சேர்ந்தது. உள்ளே மூத்திரப்பை, மலக்குடல், வலைபோலப் பின்னிய ரத்தக்குழாய்கள். பெரியவர்கள் உடம்பில் இருக்கும் ரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான். இந்த வளையம் விரிந்துவிட்டால் உள்ளுக்குள்ளேயே 2 லிட்டருக்கு மேல் சேர்ந்துவிடலாம். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. “ரத்தமே வரலையே, லேசான அடிதான்” என்று தேற்றுகிறோமே, அதைவிட ஆபத்தான பேச்சு இல்லை.

இந்த ரத்தம் பெரும்பாலும் வருவது மெல்லிய சிரைகளிலிருந்தும் உடைந்த எலும்பிலிருந்தும்தான். ஆடாமல் அசையாமல் கிடந்தால் உறைந்து, கசிவு குறைய வாய்ப்புண்டு. தூக்கி உட்கார வைத்தாலோ, புரட்டினாலோ உறைந்தது பெயர்ந்து மறுபடி கசியும். எலும்பு ஆடுகிறதா என்று இடுப்பை அழுத்திப் பார்க்கக் கூடாது என்று இப்போது மருத்துவர்களுக்கே சொல்லித் தருகிறார்கள்.

தண்ணீர் கேட்பாரே? கேட்பார். ரத்தம் இறங்கும்போது தாகம் எடுக்கும், குளிர்ந்து வியர்க்கும், நிலைகொள்ளாமல் தவிப்பார். அது சோடா கொடுக்க வேண்டிய நேரமில்லை, 108-க்குச் சொல்ல வேண்டிய தகவல். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாயில் ஏறிவிடலாம்.

ஆம்புலன்ஸில் இடுப்பைச் சுற்றி இறுக்கமாக ஒரு பட்டை கட்டுவார்கள். வர நேரமாகும் என்றால் மடித்த வேட்டியோ துப்பட்டாவோ போதும். ஆனால் கட்டும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். பெல்ட் போடும் இடம் அல்ல, அதற்குக் கீழே. தொடை தொடங்கும் இடத்தில் பக்கவாட்டில் புடைத்திருக்கும் எலும்பு மேல் வர வேண்டும். பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டால் விரல் படுமே, அங்கே. மேலே கட்டினால் வளையம் சரியாக மூடாது. இடுப்பைத் தூக்காமல் முழங்காலுக்கு அடியில் துணியை நுழைத்து மெல்ல மேலே இழுங்கள். முழங்கால்களையும் சேர்த்துக் கட்டலாம். கட்டியதை வழியில் அவிழ்க்க வேண்டாம்.

போலீஸ், கேஸ் என்று பயந்து ஒதுங்கவும் தேவையில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, உதவியவர் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. காசுக்காகவும் தயங்காதீர்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு போகலாம் என்று நிற்காமல், ராயபுரம் பக்கம் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

அங்கே போனதும் சொந்தக்காரர்கள் செய்யும் தவறு வேறு. “இன்னும் ஏன் பிளேட் வைக்கலை?” என்று சண்டை போட்டு, கையெழுத்துப் போட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். முதல் வேலை எலும்பைச் சேர்ப்பதல்ல, ரத்தத்தை நிறுத்துவது. ரத்தம் ஏற்றுவார்கள், வெளியே கம்பி பூட்டுவார்கள், தேவைப்பட்டால் கசியும் குழாயை உள்ளிருந்தே அடைப்பார்கள். பிளேட்டும் ஸ்குருவும் உடம்பு தாங்கும் நிலை வந்த பிறகுதான். சில நாள் ஆகலாம். மூத்திரத் துவாரத்தில் ரத்தம் கண்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மூத்திரக்குழாய் கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் டியூப் செலுத்தக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் போட்டு நீவுவதும் புத்தூர் கட்டுக்குக் கிளம்புவதும் வேண்டாம். படுத்தே இருப்பவர் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருக்கலாம். நீவினால் அது நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கெண்டைக்கால் வீங்கினாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டிகள். லாரி தேவையில்லை, தேய்ந்த எலும்புக்கு அந்த விழுகையே போதும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லியும் பாட்டியால் காலூன்ற முடியவில்லை என்றால் அது பிடிவாதமில்லை. இடுப்பு வளையத்தின் பின்பக்க விரிசல் எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம். சிடி ஸ்கேன் எடுக்கலாமா என்று கேளுங்கள்.