வாடகை வீட்டுச் சுவரில் ஓவியமா? முதலில் சுவரைப் பாருங்கள்

சென்னையின் கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் 2020 வாக்கில் வரைந்த பெரிய ஓவியங்களைப் பார்த்த வீட்டுக்காரர்கள் சிலருக்கு, வட சென்னையில் தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் உள்ள தங்கள் வாடகை வீட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆசை. டு-லெட் போர்டு சீக்கிரம் இறங்கும் என்பது கணக்கு. ஆசை தப்பில்லை, வரிசைதான் தப்பு. ஓவியருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் சுவரைப் பார்க்கிறார்கள்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்று சுவரில் உப்பைப் படியவிடும். பழைய வீடுகளில் அடியிலிருந்து ஓதம் வேறு ஏறும். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பூச்சு பொரிந்து, வெள்ளையாகப் பூத்து உதிர்கிறதே, அந்தச் சுவரில் எவ்வளவு நல்ல ஓவியமும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. மேலே பட்டி போட்டு மூடுவது தீர்வல்ல. உள்ளே இருக்கும் ஈரம் பட்டியையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்துமுத்தாக நின்றால் ஓவியரை அல்ல, கொத்தனாரையும் பிளம்பரையும் கூப்பிட வேண்டும். புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காயட்டும். சிமென்டின் காரம் அடங்காத சுவரில் நிறம் வெளுத்துவிடும். வெளிச்சுவராக இருந்தால் பிரைமருக்கு முன் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுவதும் அவசியம்.

தகர போர்டு எழுதிப் பழகிய கைகள் எனாமல் டப்பாவோடு வருவதுண்டு. கை சுத்தமாக இருக்கும், வேலை அழகாகவும் வரும். ஆனால் எனாமல் எண்ணெய்ப் பெயின்ட். காரமுள்ள சிமென்ட் சுவரில் அது நாளடைவில் செதில் செதிலாக உரியும். தண்ணீரில் கலக்கும் வெளிச்சுவர்ப் பெயின்டான எக்ஸ்டீரியர் அக்ரிலிக் எமல்ஷன்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காவி, செங்காவி போன்ற மண் நிறங்கள் வெயிலைத் தாங்கும். பளீரென்ற ஃப்ளோரசன்ட் நிறங்கள் முதலில் வெளுப்பவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிச்சுவரைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு தவறு அளவு. கண்ணகி நகரில் விலகி நின்று பார்க்க வெளி இருக்கிறது. பத்தடிச் சந்தில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு முகம் வரைந்தால், வீடு பார்க்க வருபவருக்கு மூக்குத் துவாரம் மட்டும்தான் தெரியும். அங்கே வாசல், மாடிப்படி வளைவு, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் போதும். பக்கத்து மனை காலியாக இருக்கிறதே என்று அந்தப் பக்கச் சுவரில் வரைந்தால், நாளை அங்கே வீடு எழும்பும்போது ஓவியம் மறைந்துவிடும். ஈபி பெட்டி, குழாய், ஏசி அவுட்டோர் யூனிட் எங்கே வரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன வரைவது? கட்சித் தலைவர் வேண்டாம், கட்சி நிறமும் வேண்டாம். சிறுநீர் கழிக்காமல் தடுக்கக் காம்பவுண்டில் சாமி படம் போடுவது நம்மூர்ப் பழக்கம், அது வேறு கதை. வீட்டு முகப்பில் ஒரு மதத்தின் படம் இருந்தால், கேட்காமலே திரும்பிப் போகும் குடித்தனங்கள் இருக்கும். படகு, மீன், கால்பந்து, கேரம் என்று வட சென்னைக்குச் சொந்தமானவை எத்தனையோ உண்டு. படுக்கையறைச் சுவரை மட்டும் வெறுமையாக விடுங்கள், அது குடியிருப்பவரின் ரசனைக்கு.

ஓவியத்துக்காக வாடகை கூடும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். தண்ணீர் வருமா, பைக் நிறுத்த இடம் உண்டா என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

பேசும்போது சதுர அடிக் கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். சாரம் கட்டும் செலவு யாருடையது, பெயின்ட் யார் வாங்குவது, ஸ்கெட்ச்சை எத்தனை முறை மாற்றலாம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் வெள்ளையடித்து மறைக்கலாம் என்ற வரியும் இருக்கட்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பு சிதைக்கப்பட்டால் தட்டிக்கேட்கும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது. தில்லி விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றப்பட்ட தன் வெண்கலச் சுவர்ச்சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் அரசின் மீதே வழக்குத் தொடுத்து, 2005-ல் வென்றார்.

வேலை முடிந்ததும் மிச்சப் பெயின்டை ஷேடு எண்ணோடு வாங்கி வையுங்கள். சைக்கிள் கைப்பிடி உரசிய இடத்தை அடுத்த குடித்தனம் வருவதற்குள் சரிசெய்துவிடலாம்.