ரொம்ப வருசம் மூலைல கெடந்த அம்பாசடர் இஞ்சின வாங்கி ஓட்டணும்னா

எங்கப்பாவோட வண்டி 1974 மாடல் அம்பாசடர் மார்க் 2. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி சித்திர வெயில்ல சேலத்துல இருந்து தர்மபுரி வர்றப்ப தொப்பூர் ஏத்தத்துல தண்ணி கொதிச்சு பிளாக்ல (சிலிண்டர் எல்லாம் இருக்கற இஞ்சினோட இரும்பு உடம்பு) கீறல் விழுந்துருச்சு. டீசல் இஞ்சின் தூக்கி வெச்சிருங்கன்னு நாலு பேரு சொன்னாங்க, எனக்கு மனசு வரல. அதே 1489 சிசி பெட்ரோல் இஞ்சின்தான் வேணும்னு அலைஞ்சு, கடைசில காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு மாங்கா மண்டி ஷெட்ல சாக்கு போட்டு மூடி வெச்சிருந்தது ஒண்ணு கெடச்சுது. புல்லா வேல பாத்தது, அதாவது முழுசா பிரிச்சு சரி பண்ணி திரும்ப கட்டுனது, ஒரு கிலோமீட்டர் கூட ஓடலன்னு சொன்னாங்க, சொன்னது நெசந்தான், ஆனா வேல பாத்து பதினோரு வருசம் ஆயிருந்துச்சு.

ஓடலன்னா தேய்மானம் இல்லன்னு நாம நெனச்சிக்கிறோம். தேய்மானம் இல்லதான், ஆனா கட்டறப்ப பேரிங்லயும் கேம்லயும் (வால்வ தொறக்க வைக்கற தண்டு) தடவுன எண்ணெய் வருசக்கணக்குல வழிஞ்சு அடில இருக்கற எண்ணெய் தொட்டிக்கு, அதாவது சம்புக்கு போயிரும், கிரீஸ் போட்டிருந்தா காஞ்சு மெழுகாட்டம் ஆயிரும், கார்க் பேக்கிங் சுருங்கிரும், ரப்பர் எல்லாம் வெறப்பா ஆயிரும். இன்னொன்னு, நாலு சிலிண்டர் இஞ்சின் எந்த நெலமைல நின்னாலும் ரெண்டு சிலிண்டர்லயாவது ஏதாவது ஒரு வால்வு தொறந்துதான் நிக்கும், அது வழியா மழைக்காலத்து ஈரக்காத்து உள்ள போயி அந்த போர்ல (சிலிண்டரோட உள்சுவரு) மட்டும் துரு ஏறும். அதனால ஒரு சிலிண்டர பாத்துட்டு நல்லாருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, நாலையும் பாருங்க.

பாக்க போறப்ப எடுத்துட்டு போக வேண்டியது, பிளக் ஸ்பேனர், டார்ச், போன்ல மாட்டற குட்டி கேமரா ஒயர், ஒரு லிட்டர் இஞ்சின் ஆயில், வண்டியோட ஸ்டார்ட்டிங் ஹேண்டில். பெயிண்ட பாத்து ஏமாறக்கூடாது, பெயிண்ட் அடிக்க அரை மணி நேரம் போதும். லேத் பில் இருக்கான்னு கேளுங்க, போர் எத்தன ஓவர்சைஸ் (கடைஞ்சு எவ்ளோ பெருசாக்கிருக்கு), பிஸ்டன் சுத்தற தண்டான கிராங்க் எத்தன அண்டர்சைஸ் (தேய்ச்சு எவ்ளோ சின்னதாக்கிருக்கு)ங்கறது அதுலதான் இருக்கும். பில் இல்லன்னா அந்த அளவு எல்லாம் நாமதான் பிரிச்சு அளக்கணும், விலையும் அதுக்கு ஏத்த மாதிரிதான் பேசணும். என்னைக் கேட்டா பில் இல்லாத இஞ்சினுக்கு நல்ல பிளாக், நல்ல கிராங்க் என்ன விலையோ அத மட்டும் குடுங்க, "வேல பாத்தது"ங்கற வார்த்தைக்கு காசு குடுக்காதீங்க.

இஞ்சின் நம்பர போட்டோ எடுத்துக்கோங்க, அது எந்த வண்டில இருந்து வந்துச்சோ அந்த ஆர்சி நகல், வித்ததுக்கு கையெழுத்து போட்ட ரசீது ரெண்டும் வாங்குங்க. மோட்டார் வாகன சட்டம் 1988ல 52வது பிரிவு இதுக்குதான் இருக்கு, மாத்துன இஞ்சின் நம்பர ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சில ஏத்தணும். வண்டி டிஎன் 29 ஆனாலும் டிஎன் 24 ஆனாலும், அஞ்சு வருசத்துக்கு ஒருதடவ ரினிவலுக்கு போறப்ப நம்பர ஒத்துப்பாப்பாங்க, அப்ப போயி முழிக்க வேணாம். 2021ல வந்த விண்டேஜ் விதிப்படி 50 வருசம் தாண்டுன வண்டிக்கு விஏ சீரிஸ் நம்பர் வாங்கலாம், ஆனா பாடி, சேஸிஸ், இஞ்சின் எதுலயும் பெரிய மாத்தம் இல்லாம ஒரிஜினலா இருக்கணும். டீசல் வேணாம்னு நான் நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம். விஏ நம்பர் போட்டா தெனமும் ஓட்ட முடியாதுங்கறதையும் தெரிஞ்சுக்கோங்க, எங்க வண்டிய நாங்க சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டறதால அத இன்னும் எடுக்கல.

இப்ப முக்கியமான எடம். அந்த ஷெட்ல வித்தவரு ரொம்ப நல்ல மனுசன், "தம்பி, பேட்டரி கொண்டாந்து ரெண்டு ஒயர் குடுத்தா இப்பவே ஸ்டார்ட் பண்ணி காட்டிடறேன்"னாரு. நான் "வேணாங்கண்ணா, மொதல்ல பாத்துக்கறேன்"னு சொல்லி நாலு பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டைலயும் ரெண்டு மூடி ஆயில் ஊத்திட்டு வந்துட்டேன், ரெண்டு நாள் கழிச்சுதான் மறுபடி போனேன். எண்ணெய் ஊறாம சுத்துனா பிஸ்டன் ரிங்ஸ் துருவோட சேந்து போர சொரண்டிரும். ஹேண்டில் போட்டு கையால மெதுவா சுத்தி பாருங்க, ரெண்டு முழு சுத்து, எங்கயாவது புடிச்சா நிறுத்திருங்க, பலத்த காட்டாதீங்க. எனக்கு லேசா சுத்துச்சு. கேமராவ விட்டா மூணாவது சிலிண்டர்ல மட்டும் பழுப்பு கலர்ல ஒரு வளையம், துணில எண்ணெய் போட்டு தொடச்சா போற அளவு துருதான். நகத்துல தட்டுப்படற குழி இருந்தா திரும்ப போர் அடிக்கற செலவ கணக்குல சேத்துக்கோங்க.

குட்டியானைல ஏத்தி வீட்டுக்கு கொண்டாந்து ஸ்டாண்டுல வெச்சு சம்ப கழட்டுனேன். எதுக்கு கழட்டணும், வேல பாத்ததுதானேன்னு எங்க மேஸ்திரியே கேட்டாரு. கார்க் பேக்கிங் எப்படியும் மாத்தணும், அதனால கழட்டறதுல ஒரு நஷ்டமும் இல்ல. மூணாவது பிஸ்டன் ராட கிராங்க்ல புடிச்சிருக்கற கேப்ப தொறந்தப்ப கிராங்க் ஜர்னல்ல (பேரிங் ஒக்கார்ற வழவழ எடம்) யாரோ வேர்வக்கையோட புடிச்ச பெருவெரல் ரேக, கோடு கோடா அப்படியே துருவா பதிஞ்சு கெடந்துச்சு. அது பாலிஷ்ல போயிருச்சு. அத விட பெருசு ஒண்ணு இருந்துச்சு, ஆயில் பிரஷர் மீட்டருக்கு போற பைப் மாட்டற ஓட்டைய யாரும் மூடல, அதுக்குள்ள குளவி மண்ணு வெச்சு கூடு கட்டியிருந்துச்சு. அந்த ஓட்ட நேரா மெயின் ஆயில் கேலரிக்கு, அதாவது பேரிங்குக்கெல்லாம் எண்ணெய் போற பெரிய வழிக்கு போகுது. அன்னிக்கு ஷெட்லயே செல்ப் அடிச்சிருந்தா அந்த மண்ணு மூணு மெயின் பேரிங்குக்கும் போயி, பதினோரு வருசமா பத்தரமா இருந்த கிராங்க அஞ்சு நிமிசத்துல அறுத்துப் போட்டிருக்கும். கேலரி முனைல இருக்கற பிளக்க கழட்டி, நீட்டு பிரஷ் விட்டு, மண்ணெண்ணெய் ஊத்தி, கம்ப்ரஸர் காத்து அடிச்சு, வெள்ளத் துணில கருப்பு வராத வரைக்கும் கழுவுனோம். அதனால எந்த இஞ்சின் வாங்குனாலும் தொறந்து கெடந்த ஓட்ட ஒவ்வொண்ணையும் எண்ணி பாருங்க.

சைடு கவர் ரெண்டையும் கழட்டி டேப்பெட்டும் (கேம் மேல ஒக்காந்து வால்வ தள்ளற துண்டு) கேம் முனையும் பாத்து மாலி பேஸ்ட் (தேய்மானம் தடுக்கற கருப்பு கிரீஸ்) தடவுங்க. வாட்டர் பம்ப் சீல், வெல்ச் பிளக் (பிளாக்ல தண்ணி வழி ஓட்டைய மூடற தகடு மூடி), ஹோஸ், இதெல்லாம் யோசிக்காம புதுசு போடுங்க. பெட்ரோல் பம்ப் டயாப்ரமும் ரப்பர் பைப்பும் கண்டிப்பா மாத்தணும், இப்ப பங்க்ல வர்றது எத்தனால் 20 சதவீதம் கலந்தது, பழைய ரப்பர அது ஊதி கெடுத்துரும்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆயில மேல ஏத்தறது தனி வேல. இந்த இஞ்சின்ல ஆயில் பம்ப கேம் ஷாப்ட்தான் சுத்துது, அதனால வேற சில இஞ்சின்ல பண்ற மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டைல டிரில் மெசின் விட்டு பம்ப சுத்த முடியாது. சம்ப் கழட்டியிருக்கறப்பவே பம்புக்குள்ள வாசலின் அடச்சிருங்க, காஞ்ச பம்ப் எண்ணெய இழுக்காது. அப்பறம் 20டபிள்யூ 40 மினரல் ஆயில் டிப்ஸ்டிக் அளவுக்கு ஊத்தி, பிரஷர் ஓட்ட வழியா ஆயில் கேன் வெச்சு கேலரிக்குள்ள போற வரைக்கும் அடிச்சு, மீட்டர மாட்டி, பிளக் இல்லாம செல்ப் பத்து செகண்டு, ஒரு நிமிசம் ரெஸ்ட், மறுபடி பத்து செகண்டு. எனக்கு அஞ்சாவது தடவதான் முள்ளு நகந்துச்சு. அதோட விடாதீங்க, ராக்கர் கவர தூக்கி பாருங்க, வால்வ அமுத்தற எட்டு ராக்கர்லயும் எண்ணெய் கசியணும். ஒண்ணு காஞ்சிருந்தா கூட ஸ்டார்ட் பண்ணாதீங்க.

ஸ்டார்ட் பண்ற அன்னிக்கு டேங்க் பெட்ரோல் வேணாம், புது பெட்ரோல் தனி கேன்ல. டைமிங்க பல்ப் வெச்சு முன்னாடியே செட் பண்ணிருங்க, பயரிங் ஆர்டர் 1-3-4-2. பக்கத்துல தண்ணி பைப்பு, நனச்ச சாக்கு, தீயணைக்கற சிலிண்டர், கூட ஒரு ஆள். புடிச்ச பத்து செகண்டுல பிரஷர் காட்டலன்னா ஆப் பண்ணுங்க. கேம் புதுசுன்னா ஐடில்ல விடக்கூடாது, 2000 ஆர்பிஎம் பக்கத்துல இருவது நிமிசம் ஏத்தி எறக்கி ஓட்டணும், ஏன்னா ஐடில்ல கேம் முனைல வந்து விழற எண்ணெய் பத்தாது, அங்கதான் அழுத்தமும் ஜாஸ்தி. சூட்டோடயே அந்த ஆயில எறக்கி பில்டர மாத்துங்க, பில்டர அறுத்து மடிப்ப விரிச்சு வெயில்ல பாருங்க, மினுமினுன்னு தூள் இருந்தா பேரிங்க பாக்கணும்.

மொத 800 கிலோமீட்டர் அறுவதுக்கு மேல போகாதீங்க, ஆனா ஒரே வேகத்துலயும் போகாதீங்க. தர்மபுரில இருந்து பாலக்கோடு, ராயக்கோட்ட வழியா ஓசூர் போற பழைய ரோடு இதுக்கு ரொம்ப நல்லது, ஏத்தம் எறக்கம் மாறி மாறி வரும், ஏத்தத்துல அழுத்தம் குடுத்து எறக்கத்துல காலெடுத்தா ரிங்ஸ் நல்லா ஒக்காரும். தொப்பூர் பக்கமும் ஒகேனக்கல் மலை ரோட்டு பக்கமும் அப்ப போக வேணாம். 500ல ஹெட்ட ஆறுன பின்னாடி டைட் பாருங்க, ராக்கர் ஸ்டாண்டும் அதே ஸ்டட்லதான் ஒக்காந்திருக்கு, அதனால டைட் பாத்தா டேப்பெட்டும் திரும்ப செட் பண்ணியே ஆகணும், இஞ்சின் சூட்டுல இடைவெளி 15 தவ் (ஒரு இஞ்ச்ல ஆயிரத்துல 15 பங்கு). 800ல மறுபடி ஆயில் மாத்துங்க.

எங்க வண்டி இப்ப 3400 கிலோமீட்டர் தாண்டிருச்சு, சூடான பின்னாடியும் ஓடறப்ப பிரஷர் 50 பவுண்டு நிக்குது. நிறுத்துன எடத்துல பின்பக்கமா ரெண்டு சொட்டு எண்ணெய் விழும், அந்த இஞ்சின்ல பின்னாடி மெயின் பேரிங்ல ரப்பர் சீலே கெடையாது, கிராங்க்ல வெட்டுன சுருள் மரதான் எண்ணெய திருப்பி உள்ள தள்ளுது, அதுக்காக யாரும் இஞ்சின எறக்க வேணாம்.